போர்டு இல்லாத முந்திரி கடை, காடாம்புலியூர் பக்கம் - பொங்கலுக்கு வாங்கின கதை

பொங்கலுக்கு ரெண்டு கிலோ முந்திரி தேவைப்பட்டுச்சு, பெரியம்மா வீட்டுக்கும் சேத்து. போன வருஷம் கடலூர்லயே ஒரு கடைல (பேர் வேணாம் விடுங்க) வாங்கினது மேல முழுப்பருப்பு, கீழ பூரா உடைசல், அதுவும் காறல் வாடை, மாமனார் சக்கரைப் பொங்கல்ல வாயில வச்ச மொத பருப்பையே துப்பிட்டாரு, அந்த மானக்கேடு இன்னும் போகல. அதனால இந்த தடவ வண்டிய எடுத்துக்கிட்டு நெல்லிக்குப்பம், பண்ருட்டி எல்லாம் தாண்டி காடாம்புலியூர் பக்கம் போயிட்டேன்.

ரோட்டோரம் பலாப்பழ கொட்டாய்ங்க வரிசையா இருக்கும்ல, அத ஒட்டி உள்ள போற சந்துல ஒரு தகர ஷெட், முன்னாடி ஒரு மேசை தராசு அவ்ளோதான். போர்டும் கெடையாது. உள்ள இருந்து டக்கு டக்குனு சத்தம் வருது பாருங்க, அதான் அடையாளம்.

போனதும் வழக்கமா கேக்குற கேள்விய கேட்டேன், "அண்ணே, இது பண்ருட்டி கொட்டை தானே?"

"உண்மை சொல்லட்டா, வியாபாரம் பேசட்டா?"ன்னாரு. உண்மையே சொல்லுங்கண்ணே. "கொட்டை தான்சானியா. உடைச்சது, உரிச்சது, பொறுக்குனது மட்டும்தான் நம்மூரு."

எனக்கு பிடிச்சுப் போச்சு இந்த ஆள. 2025ல பண்ருட்டி முந்திரிக்கு புவிசார் குறியீடு கெடைச்சதுல இருந்து எத தொட்டாலும் பண்ருட்டி பண்ருட்டினு விக்கிறாங்க, இவரு என்னடான்னா சாக்கையே திருப்பி காட்டுறாரு. 80 கிலோ மூட்டை, தூத்துக்குடி துறைமுகத்துல இறங்கி லாரில வருதாம். ஒரு மூட்டைய உடைச்சா சுமாரா 20 கிலோ பருப்பு தேறும்னாரு, மிச்சம் எல்லாம் ஓடும் தோலும்தான்.

ஷெட்டுக்குள்ள போய் பாக்க விட்டாரு. நாலஞ்சு அக்காமாரு வரிசையா உக்காந்து, கால்ல மிதிச்சா கத்தி கொட்டைய கவ்வுது, கைப்பிடிய ஒரு திருப்பு திருப்புனா ஓடு ரெண்டா பிளந்து பருப்பு முழுசா வந்து விழுது. பாக்க ஈசியா இருக்கு, நான் ஒண்ணு மிதிச்சு பாத்தேன், பருப்பு பொடிப்பொடியா போச்சு, ஒரே சிரிப்பு. அவங்க கைய பாத்ததும் எனக்கு சிரிப்பு நின்னுடுச்சு. ஓட்டுல இருக்குற எண்ணெய் பட்டா தோல் வெந்துடும், கைல என்னதான் வெளக்கெண்ணெய் தடவிக்கிட்டாலும் விரல் நுனியெல்லாம் கருகருன்னு இருக்கு. கூலி கிலோ கணக்கு. "நம்மூரு கொட்டை பங்குனி சித்திரைல வரும் தம்பி, ஆனி ஆடியோட தீந்துடும், அதுக்கப்புறம் கப்பல் கொட்டை வந்தாதான் எங்களுக்கு வேலை"ன்னாங்க ஒரு அக்கா. தான்சானியாவுல அறுவடை அக்டோபர்ல ஆரம்பிச்சு டிசம்பர் ஜனவரி வரைக்கும் போகுது, நம்மளுக்கு காலியா இருக்குற நேரம் பாத்து அவங்களுக்கு காய்க்குது. தானே புயல் 2011 டிசம்பர் 30ல வந்து தோப்பு தோப்பா மரத்த சாய்ச்சுட்டு போச்சே, அதுக்கப்புறம் இந்த கப்பல் கொட்டை இல்லன்னா ஷெட்டு நடத்தியிருக்கவே முடியாதுன்னாரு கடைக்காரரு.

அடுத்து மொசாம்பிக் கொட்டை வரும், அது கொஞ்சம் சின்னதுன்னாரு. அந்த ஊர் பேர கேட்டதும் வீட்டுக்கு வந்து தேடி படிச்சேன், இதுல சம்பந்தம் இல்லாம எழுதுறேன்னு நெனைக்காதீங்க. அங்கயும் முந்திரிய பிரேசில்ல இருந்து கொண்டு போய் வச்சது நம்மள மாதிரியே போர்ச்சுகீசியன்தான். ஒரு காலத்துல உலகத்துலயே அதிகமா முந்திரி விளைவிச்சது மொசாம்பிக்தான், உடைக்கிற பேக்டரியும் அங்கயே இருந்துச்சு. அப்புறம் 1977ல இருந்து 1992 வரைக்கும் உள்நாட்டுப் போர். அது முடிஞ்சு மூச்சு விடறதுக்குள்ள உலக வங்கி கடனுக்கு நிபந்தனை போட்டு, கொட்டைய உடைக்காம பச்சையா ஏத்துமதி பண்றதுக்கு இருந்த வரிய கொறைக்க சொல்லிச்சு, வரி கொறைஞ்சதும் கொட்டை பூரா இந்தியாவுக்கு கப்பல் ஏறிடுச்சு, அங்க பேக்டரிங்க மூடி ஆயிரக்கணக்கான பேரு வேலை போச்சு, அதுலயும் நெறைய பொம்பளைங்க. விவசாயிக்காவது நல்ல வெல கெடைச்சுதான்னா அதுவும் சொற்பம்தான். 1999ல திரும்ப வரிய ஏத்துனாங்க, அப்புறம் நம்புலா பக்கம் சின்ன சின்ன பேக்டரிங்க மறுபடி வந்துச்சு.

படிச்சதுல இருந்து அந்த அக்காவோட விரல்தான் ஞாபகத்துக்கு வருது. அங்க பறிபோன வேலைதான் இங்க வந்திருக்கு. அவங்க ஊர் கொட்டைய அவங்களே உடைக்கணும்னு நெனைக்கிறதுல என்ன தப்பு, நானா இருந்தாலும் அதத்தான் கேப்பேன், ஆனா அப்படி ஆனா இந்த ஷெட்டு? போன்ல கடைக்காரர்ட்ட கேட்டேன். "அதுக்குத்தான் தம்பி விருத்தாசலம் ஆராய்ச்சி பண்ணைல இருந்து வி.ஆர்.ஐ 3 ரக முந்திரி கன்னு வாங்கி நாலு ஏக்கர்ல நட்டிருக்கேன்"னாரு. ஆளு உஷாரு.

சரி சரக்குக்கு வரேன். 320ம் நம்பர் பருப்பு நான் வாங்கினப்ப கிலோ 860 ரூவா, 240ம் நம்பர் கொஞ்சம் ஜாஸ்தி. இந்த நம்பர் என்னன்னா ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, எத்தன பருப்பு நிக்குதுங்கறது, நம்பர் கூடுனா பருப்பு சின்னது. வீட்ல 100 கிராம் எடை போட்டு எண்ணி பாத்தேன், 68 இருந்துச்சு, கணக்கு சரியா வருது. காறல் இல்ல, நெய்ல போட்டதும் சமமா செவந்துச்சு. மாமனார் ரெண்டாவது கரண்டி கேட்டு வாங்குனாரு, அதுக்கு மேல சர்டிபிகேட் வேணுமா என்ன. பாயசத்துக்கு மட்டும்னா பாதிப்பருப்பு வாங்குங்க, கிலோவுக்கு நல்லாவே மிச்சமாகும், ருசி ஒண்ணுதான்.

கொறைன்னு பாத்தா பேக்கிங் படு மோசம், சாதா கவர்ல போட்டு மெழுகுவத்தில ஒட்டி குடுக்குறாரு, வீட்டுக்கு வந்ததும் டப்பாக்கு மாத்திடுங்க இல்லன்னா நமுத்துடும். அங்கங்க செவப்பு தோல் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஜிபே உண்டு, ஆனா சந்துக்குள்ள டவர் எடுக்கல, ரோட்டுக்கு வந்து கைய தூக்கிக்கிட்டு நின்னு அனுப்பினேன்.

அஞ்சுக்கு நாலு குடுக்கலாம். காசு கையில எடுத்துட்டு போங்க, ஞாயித்துக்கிழம வேணாம், ஷெட்டு லீவு, டக்கு டக்கு சத்தம் இல்லாம சந்து எதுன்னே கண்டுபிடிக்க முடியாது.