அடோலசென்ட் சைக்யாட்ரி வார்டு போஸ்டிங்: போகலாமா?

சைக்யாட்ரி போஸ்டிங் (மனநல வார்டில் போய் எடுக்கும் பயிற்சி) என்றாலே எங்கள் நர்சிங் வகுப்பில் பாதிப் பேருக்குப் பயம். மீதிப் பேருக்கு "அங்கே ஊசி கிடையாது, டிரெஸ்ஸிங் கிடையாது, சும்மா உட்கார்ந்துட்டு வரணும்" என்ற எண்ணம். வளரிளம் பிள்ளைகளின் மனநல வார்டில் போஸ்டிங் முடித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இதுவரை போன போஸ்டிங்குகளிலேயே எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இதுதான். வார்டுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், ஆனால் எங்களை அங்கே அனுப்பிய ஏற்பாட்டுக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனசு வரவில்லை. உள்ளே இருப்பது பிள்ளைகள் என்பதால் மருத்துவமனையின் பெயரும் ஊரும் வேண்டாம்.

முதல் நாள் இன்சார்ஜ் சிஸ்டர் சேஃப்டி பின், கண்ணாடி வளையல், கத்தரிக்கோல், ஐடி கார்டு கயிறு எல்லாவற்றையும் வெளியே வைக்கச் சொன்னார். ஆளுக்கு ஒரு பேனா, திரும்பி வரும்போது அதைக் காட்ட வேண்டும். உள்ளே போனால் ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள், சோற்றுப் பாத்திரம், பை, பாய் சகிதம். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, உடன் ஆள் இருந்தே ஆகவேண்டும் என்கிறது; பிள்ளையைச் சேர்த்ததை 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்து மார்க் வாங்கியிருக்கிறேன். பெற்றோர் கூடவே தங்கினால் வார்டு எப்படி மாறிவிடுகிறது என்பது நேரில் பார்த்த பிறகுதான் புரிந்தது.

ஒரு பெண்ணுக்கு, பத்தாம் வகுப்பு, வலிப்பு மாதிரி வந்துகொண்டே இருந்தது. ஸ்கேன், ஈஈஜி (மூளையின் மின்னலைகளைப் பார்க்கும் டெஸ்ட்) எல்லாம் நார்மல். காத்து கருப்பு என்று கோவில் கோவிலாகக் கூட்டிப்போய், கையில் சாவி கொடுத்து, கடைசியில்தான் இங்கே வந்திருக்கிறார்கள். ஒரு நாள் மத்தியானம் எங்கள் முன்னாலேயே வந்தது. நாங்கள் எல்லாரும் ஓடினோம். சிஸ்டர் கூட்டத்தை விலக்கினார், பக்கத்தில் இருந்த ஸ்டூலை நகர்த்தினார், அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுக் கூடவே உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான். நின்றதும் "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்று மட்டும் கேட்டார். பார்க்க வந்திருந்த அத்தை "நடிக்கிறா சிஸ்டர்" என்றபோது அவரைத் தனியே கூட்டிப்போய், அவள் வேண்டுமென்று செய்யவில்லை, மனசில் இருக்கிற நெருக்கடி உடம்பு வழியாக இப்படி வருகிறது என்று பொறுமையாக விளக்கினார். அடுத்த முறை வந்தபோது அம்மாவே அதேபோலப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், சாவியைத் தேடவில்லை. வீட்டுக்குப் போன பிறகும் பார்த்துக்கொள்ளப் போவது அம்மாதானே, அவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் நர்சிங்தான்.

மருந்து விஷயமும் அப்படித்தான். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடும் பையனுக்குக் காலை டோஸ் கொடுப்பதற்கு முன்னாடி, கடைசி டோஸிலிருந்து 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும், அவசரப்பட்டு மாத்திரையைக் கொடுத்துவிட்டால் ரத்தத்தில் மருந்து எவ்வளவு என்று பார்க்கும் அன்றைய லெவலே தப்பாகிவிடும். ரிஸ்பெரிடோன் என்ற மனநல மருந்து போட்டால் பசி கூடி எடை ஏறும், இந்த வயசுப் பிள்ளைகள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு மாத்திரையைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். அதனால் எடை பார்க்கும்போதே அதைப் பற்றி அவர்களோடு வெளிப்படையாகப் பேசிவிடுவது இங்கே வழக்கம்.

சரி, குறைக்கு வருகிறேன். இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டப்படி மனநல நர்சிங்குக்கு ஐந்தாவது, ஆறாவது செமஸ்டர் இரண்டிலும் சேர்த்து 240 மணி நேரம் போஸ்டிங். அதில் குழந்தைகள் பிரிவுக்கு ஒரே வாரம். வாராவாரம் புது குரூப் வரும், எல்லார் கையிலும் ஹிஸ்டரி (நோயின் முழுக் கதை) எடுக்கும் ஃபார்ம், பிள்ளையோடு பேசியதை அப்படியே எழுதும் ப்ராசஸ் ரெக்கார்டிங் நோட்டு. ஒரு பையன் என் நோட்டைப் பார்த்ததுமே, "ஏன் சேர்ந்தேன்னுதானே கேப்பீங்க அக்கா? போன வாரம் வந்த அக்காகிட்டயும் சொல்லிட்டேன், அதுக்கு முந்தின வாரமும் சொல்லிட்டேன்" என்றான். யாரிடமும் வாய் திறக்காமல் இருந்து, கடைசியில் சாவு வரை போய் மீண்டு வந்த பிள்ளை அவன். அவன் கதையை எங்கள் இன்டர்னல் மார்க்குக்காக வாராவாரம் புது ஆளிடம் சொல்ல வைப்பது தப்பு. இதை எந்தக் கல்லூரி செய்தாலும் தப்புதான்.

இன்னொன்று. பிள்ளைகள் சீனியர்களை விட எங்களிடம் சீக்கிரம் மனம் விட்டுப் பேசுகிறார்கள், வயசு கிட்ட இருப்பதால். "யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா" என்று ஆரம்பித்தால் என்ன செய்வது? அந்த வாக்கைக் கொடுக்கவே கூடாது. 2012 போக்சோ சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரிந்தவர் தெரிவித்தே ஆகவேண்டும், மறைத்தால் தண்டனை உண்டு. "உன் பாதுகாப்புக்காகச் சிஸ்டர்கிட்ட சொல்ல வேண்டி வரலாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பதை வார்டு சிஸ்டர்தான் சொல்லிக்கொடுத்தார். கல்லூரியில் இதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. அப்புறம், இப்படி ஒன்றைக் கேட்டுவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்ச் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருக்கும் மாணவியிடம் என்ன ஆச்சு என்று கேட்கவும் யாரும் இல்லை.

போகலாமா என்றால் கண்டிப்பாகப் போங்கள். ஆனால் போவதற்கு முன்னாடியே இன்ஸ்ட்ரக்டர் மேடத்திடம் குரூப்பாகப் போய் இரண்டு விஷயம் கேளுங்கள்: ஹிஸ்டரியைப் பழைய கேஸ் ஷீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ள அனுமதி, வாரம் முழுக்க ஒரு மாணவிக்கு ஒரே பிள்ளை. கேரம் போர்டு வார்டிலேயே இருக்கிறது, முதல் இரண்டு நாள் நோட்டைப் பையிலேயே வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு விளையாட உட்காருங்கள்.