ரெண்டு லிட்டர் யூரின் பை: 14 மாதம் பழகியதில் தெரிந்தது

அப்பா திருநெல்வேலி – பாபநாசம் தடத்தில் 30 வருஷம் கண்டக்டர். புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. இருதயம் பலவீனம், மயக்க மருந்து தாங்காது என்று ஆப்பரேஷனைத் தள்ளிவிட்டு டியூப் போட்டு அனுப்பினார்கள். சேரன்மகாதேவி வீட்டுக்கு வந்த அன்றைக்கே பையின் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு முற்றத்தில் நடந்தார். "பை தொங்கலன்னா எனக்குக் கால் பின்னுதுலே" என்று சிரிப்பு வேறு. நாங்களும் சிரித்தோம். முதல் மூன்று மாதத்தில் மூன்று தடவை குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல்.

வீட்டுக்கு வரும் சிஸ்டர்தான் பார்த்தவுடனே, "ஐயா, டிக்கெட் பையை இடுப்புக்குக் கீழ இறக்குங்க" என்றார். பை மேலே போனால் டியூப்பில் நிற்கும் பழைய சிறுநீர் திரும்பச் சிறுநீர்ப்பைக்குள் இறங்கும், கிருமியும் கூடவே. நாங்கள் முதலில் வாங்கிய மலிவுப் பையில் திரும்பி ஓடாமல் தடுக்கும் வால்வுகூடக் கிடையாது.

இப்போது வாங்குவது வால்வு உள்ளது, அடியில் குறுக்கே தள்ளித் திறக்கிற குழாய் வைத்தது. விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் காசு அந்தக் குழாய்க்குத்தான். பழைய பையில் மூடியைப் பிடுங்க வேண்டும். பிடுங்கும்போது விரல் குழாய் நுனியில் படும், மூடி நழுவித் தரையில் விழும், அதையே எடுத்துத் திரும்பச் சொருகுவோம். இதில் ஒரு பக்கம் தள்ளினால் திறக்கும், மறுபக்கம் தள்ளினால் மூடும், நுனியைத் தொடவே வேண்டாம். அம்மா முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவி, நுனி குவளையில் இடிக்காமல் தூக்கிப் பிடித்து வடிக்கிறாள். பை நிரம்பும்வரை விடுவதில்லை. முக்கால் ஆகும் முன்பே காலி செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கனத்தில் டியூப்பை இழுக்கும்.

குறையும் உண்டு. தொங்கவிடக் கொடுக்கும் பிளாஸ்டிக் கொக்கி இரண்டாம் நாளே ஒடிகிறது. அளவுக் கோடு மங்கல். விளக்கத் தாள் முழுக்க இங்கிலீஷ், எறும்பு எழுத்து. ஒரு முறை வாங்கிய 5 பையில் 2 பை குழாயில் சொட்டியது. ஹைகிரவுண்ட் பக்கம் வாங்கின கடையில் காட்டினால், "பிரிச்ச சாமான் திருப்ப மாட்டோம் அண்ணாச்சி" என்றார்கள். பிரிக்காமல் சொட்டுவது எப்படித் தெரியும்? கடைப் பேர் வேண்டாம், இப்போது வேறு கடை. அந்தக் கடைக்காரர் தினம் ஒரு பை மாற்றச் சொல்லியிருந்தார். அதையும் கேட்காதீர்கள். டியூப்பையும் பையையும் பிரிக்கிற ஒவ்வொரு தடவையும் கிருமிக்குக் கதவு திறந்த கணக்கு. சிஸ்டர் சொன்னபடி வாரம் ஒன்றுதான், நடுவில் கழற்றுவதே இல்லை.

பையை விடப் பெரிய சண்டை படுக்கையில். அப்பாவுக்குப் பத்தமடைப் பாய்தான், தரையில்தான். தரையில் படுப்பவருக்குப் பையை எங்கே கீழே தொங்கவிடுவது? பக்கத்தில் வைத்தால் உடம்பு மட்டத்திலேயே கிடக்கும், தரை அழுக்கும் குழாயில் ஒட்டும். கட்டில் வாங்கினோம். ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் மெத்தை மேலே அந்தப் பாயையே விரித்துக் கொடுத்ததும் ஏறிப் படுத்தார். பை கட்டில் சட்டத்தில், தரையிலிருந்து ஒரு சாண் மேலே.

டியூப்பைப் பற்றிச் சுருக்கமாக. முதலில் போட்டது ரப்பர், மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை மாற்றினோம். இப்போது முழு சிலிகான், அதிகபட்சம் 12 வாரம் என்கிறார்கள். எங்களுக்கு ஒன்பதாவது வாரமே வெந்நீர் அண்டாவில் படிவது போல நுனியில் உப்புப் படிந்து அடைக்கப் பார்க்கிறது. அதனால் எட்டில் மாற்றிவிடுகிறார் சிஸ்டர். தொடையில் ஒட்டும் பட்டை கட்டாயம் வாங்குங்கள், டியூப் இழுபட்டுப் புண்ணாகாது. சுத்தம் செய்யச் சோப்பும் தண்ணீரும் போதும். அம்மா டெட்டால் ஊற்றித் துடைத்ததைச் சிஸ்டர் நிறுத்திவிட்டார்.

காசு கரைந்தது இன்னொரு வழியில். பையில் சிறுநீர் கலங்கினாலே லேப், உடனே ஆன்டிபயாடிக். இப்போது பார்க்கும் யூராலஜிஸ்ட் விளக்கினார்: ஒரு மாதத்துக்கு மேல் டியூப் இருப்பவருக்குச் சிறுநீரில் கிருமி இல்லாமல் இருப்பதே அபூர்வம். காய்ச்சல், நடுக்கம், திடீர்க் குழப்பம், விலாவிலோ அடிவயிற்றிலோ வலி, இதில் ஏதாவது வந்தால்தான் பரிசோதனை, மருந்து. அதுவும் டியூப்பைப் புதிதாக மாற்றிய பிறகு எடுத்த சிறுநீர், பையில் கிடந்தது அல்ல. சும்மா மாத்திரை போட்டால் அடுத்து வரும் கிருமி எந்த மாத்திரைக்கும் மசியாதாம். தண்ணீர் நாலு லிட்டர் குடிக்கச் சொல்லி எதிர்வீட்டு ஆச்சி தினம் வருகிறாள். இவர் இருதயத்துக்கு டாக்டர் அளந்து விட்டது ஒன்றரை லிட்டர்தான்.

கடைசி 11 மாதத்தில் காய்ச்சல் ஒரே ஒரு தடவை. பைக்கு 5க்கு 3 கொடுப்பேன், கொக்கிக்கு பூஜ்யம். இரும்புக் கடையில் எஸ் வடிவக் கொக்கி இரண்டு வாங்கி மாட்டியிருக்கிறேன். ஒன்று கட்டிலுக்கு, ஒன்று அப்பா நடக்கும்போது வேட்டிக்கு மேல் கட்டும் பெல்ட்டில் நீளக் கயிறு போட்டு முட்டிக்குக் கீழே தொங்கவிட. தோளைத் தடவிக்கொண்டேதான் நடக்கிறார்.