பிரிட்டன் பாஸ்போர்ட்டுக்கான ஆன்லைன் படச் சோதனை: கறுத்த முகங்களுக்கு எப்படி?

படத்தை ஏற்றியதும் உடனே பதில் வந்துவிடுகிறது. குறைந்தது 600 x 750 பிக்சல், 50 கேபி முதல் 10 எம்பி வரை இருந்தால் போதும். கோளாறு வேறிடத்தில். கறுத்த பெண் ஒருவரின் மூடிய உதட்டைப் பார்த்து 'வாய் திறந்திருக்கிறது' என்று இந்தச் சோதனை சொல்லியிருக்கிறது. 2020இல் பிபிசி சோதித்தபோது, கறுத்த பெண்களின் படங்களில் 22 சதவீதம் தரமற்றவை எனப்பட்டன. வெளிர்நிறப் பெண்களுக்கு 14. கறுத்த தோலில் தடுமாறும் என்று தெரிந்தேதான் பிரிட்டன் உள்துறை 2016இல் இந்தச் சோதனையை வெளியிட்டது. அந்த மண்ணிலேயே பிறந்த குடிமகள் தன் உதட்டுக்கு விளக்கம் எழுத வேண்டியிருப்பது அநியாயம்.

வெளிர் சுவருக்கு முன்னால் கேமரா முகத்தை இருட்டாக்கும். சன்னலைப் பார்த்து நின்று, திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டுங்கள். அப்படியும் மறுத்தால், காரணத்தை எழுதி அதே படத்தை அனுப்பலாம்.