குதிரைக்குக் கண் எடுக்கப் போகிறீர்களா? மயக்க ஊசி மட்டும் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள்

குதிரையை நிற்க வைத்தே கண்ணை எடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னால் மிரள வேண்டாம். முறை நல்ல முறைதான். முழு மயக்கம் கொடுத்துப் படுக்க வைப்பதில் குதிரைக்கு ஆபத்து அதிகம். 2002இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், வயிற்றுவலி அறுவைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு குதிரை ஏழு நாளுக்குள் இறந்திருக்கிறது. என் புகார் எல்லாம் எங்கள் குதிரைக்கு அதைச் செய்த விதத்தின் மேல்தான்.

யுவியைட்டிஸ் என்கிற கண்ணின் உள் அழற்சி திரும்பத் திரும்ப வந்து அவளுக்கு இடக்கண் பார்வை போய்விட்டது, வலி மட்டும் போகவில்லை. டிராவிஸில், அதாவது குதிரையை நிற்க வைக்கும் கம்பிக் கூண்டில் நிறுத்தி, டெட்டோமிடின் என்ற தூக்க மருந்தும் பியூட்டார்பனால் என்ற வலி மருந்தும் ரத்தக் குழாயில் ஏற்றினார்கள். தலை தொங்கியது, கீழுதடு தளர்ந்தது. இமை ஓரமாக மட்டும் கொஞ்சம் லிக்னோகைன் என்ற மரப்பு மருந்து போட்டுவிட்டு உடனே கத்தியை எடுத்தார்கள். இமையை வெட்டும்வரை அசையாமல் நின்றாள். கத்தரிக்கோல் விழிக்குப் பின்னால் போனதும் தலையைத் தூக்கி உதறினாள், முன்னங்கால் கம்பியில் போய் இடித்தது. "மயக்கம் பத்தலை" என்று இன்னொரு டோஸ். மறுபடியும் உதறல். கடைசியில் மேலுதட்டில் கயிற்றை முறுக்கிப் பிடித்துக்கொண்டே முடித்தார்கள். அவள் உடம்பெல்லாம் வியர்வை.

டெட்டோமிடின் தூக்கத்தைத் தரும், வலியையும் ஓரளவு குறைக்கும். ஆனால் கண்குழிக்குள் வெட்டும் வலியை அது மட்டும் தாங்காது. அதற்கு விழிக்குப் பின்னால் மரத்துப்போகிற ஊசி தனியாகப் போட வேண்டும். அது சரியான இடத்தில் இறங்கினால் விழி லேசாக முன்னுக்குத் தள்ளும், கண்மணி விரியும். சில நிமிடம் பொறுத்து, தொட்டுப் பார்த்து, அப்புறம்தான் கத்தி. எங்களுக்கு அந்த ஊசி போடவே இல்லை. பிற்பாடு பார்த்த வேறொரு மருத்துவர்தான் இதையெல்லாம் பொறுமையாக விளக்கினார்.

கொடுமை அத்தோடு நிற்கவில்லை. தையல் பிரித்த பிறகும் அந்த இடம் வீங்கி, கோழை மாதிரி நீர் கசிந்துகொண்டே இருந்தது. மூன்றாம் இமையின் (கண்ணின் உள்மூலையில் இருக்கும் கூடுதல் இமை) சுரப்பியையும் கண்சவ்வுத் துண்டுகளையும் உள்ளேயே விட்டுத் தைத்திருக்கிறார்கள். அவை சுரப்பதை நிறுத்தாது. மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. இந்த முறையும் நின்றபடிதான், ஆனால் ஊசிகள் எல்லாம் முறையாகப் போட்டு, தாடையை ஒரு தாங்கியில் வைத்துச் செய்தார்கள். காதுகூட ஆடவில்லை. அதைப் பார்த்தபோதுதான் முதல் தடவை அவள் பட்ட பாடு எவ்வளவு தேவையற்றது என்று புரிந்து வயிறு எரிந்தது.

கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: விழிக்குப் பின்னால் ஊசி உண்டா, மரத்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பீர்கள், பாதியில் மயக்கம் தெளிந்தால் என்ன ஏற்பாடு, டெட்டனஸ் தடுப்பூசி, வலி மருந்து யார் பொறுப்பு. எடுத்த கண்ணை ஃபார்மலினில் போட்டுத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். கட்டி சந்தேகம் இருந்தால் இது கட்டாயம். எங்களுடையதைக் கேட்காமலே குப்பையில் போட்டுவிட்டார்கள்.

பில்லில் 'நரம்பு மரப்பு' என்று ஒரு வரி போட்டுக் காசும் வாங்கியிருக்கிறார்கள். எந்த இடத்தில், எத்தனை மில்லி என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.