கண் எரிச்சல் சோதனை: ஊட்டி ஆய்வகத்துக்கு முட்டையா, மாட்டுக் கண்ணா?

யூகலிப்டஸ் எண்ணெய் சேர்த்த ஃபேஸ் வாஷ் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று பார்த்துச் சொல்லும் வேலை வந்தது. ஊட்டியில் உள்ள எங்கள் ஆய்வகத்துக்கு எந்த முறை தோதுப்படும் என்று அலசி, கடைசியில் முட்டையைத் தேர்ந்தெடுத்தோம்.

முயல் கண்ணில் 0.1 மி.லி. விட்டு, 21 நாள் வரை பார்த்து, 110க்கு மதிப்பெண் போடும் 1944ஆம் ஆண்டின் டிரெய்ஸ் முறையைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அழகுசாதனப் பொருளை விலங்கில் சோதிக்க இந்தியாவில் 2014லேயே தடை வந்துவிட்டது. மனித செல்லில் வளர்த்த கார்னியா (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம்) திசு நல்ல சரக்குதான். ஆனால் குளிர்பெட்டியில் வந்த கையோடு பயன்படுத்தியாக வேண்டும். விலையும் நமக்குக் கட்டுப்படியாகாது.

மிச்சம் இரண்டில், அந்தஸ்து மாட்டுக் கண்ணுக்குத்தான். சோதனை முறைகளுக்குச் சர்வதேச வழிகாட்டி வெளியிடும் ஓ.இ.சி.டி. அமைப்பில் 437 என்று வழிகாட்டி எண்ணே உண்டு. இறைச்சிக்கூடத்துக் கண்ணிலிருந்து கார்னியாவை வெட்டி எடுத்து, ஹோல்டரில் பொருத்தி, 32 டிகிரியில் திரவ மாதிரியை 10 நிமிடம் விட வேண்டும். எவ்வளவு வெளுத்தது என்பதை ஒபாசிட்டோமீட்டர் காட்டும். கார்னியாவை ஊடுருவிய ஃப்ளோரசீன் சாயத்தை 490 நானோமீட்டர் ஒளியில் அளந்து, 15ஆல் பெருக்கி, முதல் எண்ணோடு கூட்டினால் மதிப்பெண். 55ஐத் தாண்டினால் கடும் சேதம். 3க்குள் என்றால் எரிச்சல் வகைப்பாடே வேண்டாம். தீர்ப்பு கருவியுடையது, ஆளுடையது அல்ல. இந்த விஷயத்தில் முட்டை பின்தங்கித்தான் நிற்கிறது.

முட்டை முறையை ஹெட்கேம் என்போம். அடைவைத்த 9ஆம் நாள் முட்டையின் ஓட்டை வெட்டித் திறந்து, ரத்த நாளங்கள் ஓடும் சவ்வின்மேல் 0.3 மி.லி. விட்டு 300 வினாடி பார்க்க வேண்டும். கசிவு, நாளம் கரைதல், உறைதல் மூன்றும் எந்த வினாடியில் தொடங்கின என்பதை வைத்து 21 வரை மதிப்பெண். இதில் கைப்பழக்கம்தான் எல்லாம். வெங்காயச் சருகு மாதிரி இருக்கும் உள்தோலை உப்புநீரில் நனைத்து, ஃபோர்செப்ஸால் உரிக்கும்போது ஒரு நாளம் கீறினாலும் அந்த முட்டையை ஒதுக்க வேண்டியதுதான். வந்த ரத்தம் மாதிரியாலா, நம் கையாலா என்று அப்புறம் பிரித்துச் சொல்ல முடியாது.

அப்படியிருந்தும் முட்டைக்குப் போனதற்குக் காரணம், மலையேறி வரும் சரக்கு. மாட்டுக் கண் அன்றைக்கே வந்து அன்றைக்கே ஹோல்டரில் ஏற வேண்டும். மாதிரிக்கு 3, ஒப்பிட்டுப் பார்க்கும் இரண்டு கண்ட்ரோலுக்கும் மும்மூன்று என்று குறைந்தது 9 நல்ல கார்னியா தேவை. கீறல் விழுந்ததும் ஆரம்பத்திலேயே மங்கியதும் ஆகாது. கோவையிலிருந்து கிளம்பிய பெட்டி சீசன் நெரிசலில் பர்லியாறு பக்கம் மாட்டிக்கொண்டால் அன்றைய வேலை போச்சு. உள்ளூரில் ஆட்டுக் கண் தாராளம். ஆனால் வழிகாட்டி சொல்வது மாட்டுக் கண்ணை.

முட்டைக்கு இந்த அவசரம் கிடையாது. கடை முட்டை உதவாது, அது சேவல் சேராதது. குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியிலிருந்து கருவுள்ள முட்டையாகவே வாங்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்ததை ஒருநாள் அசையாமல் வைத்து, பிறகு அடைவைக்கலாம். சமவெளியில் ஏசி போட்டுக் காக்கும் 15-18 டிகிரி இங்கே பல நாட்களில் சும்மாவே கிடைக்கிறது. ஒரு வாரம் வரை வைத்து, ஆள் கைக்குத் தகுந்தபடி தொடங்கலாம்.

செலவு இன்குபேட்டர் பக்கம். ஆடி மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் 37.5 டிகிரியைப் பிடித்து நிறுத்த இன்வெர்ட்டர் வேண்டும், வெளியே குளிர் வேறு. அதைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும் வீணான கண்பெட்டிகளைவிட இது மலிவு.

பொடி, பேஸ்ட் வகைகளில் எங்களுக்குக் கைப்பழக்கம் குறைவு, அதனால் அங்கே முட்டையை அடித்துச் சொல்ல மாட்டேன். மஞ்சள், மருதாணி போல நிறம் ஏறிய மாதிரியும் நாளங்களை மறைத்துவிடும். லேபிளில் அபாயக் குறி போடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க எண் வேண்டுமென்றால், மாதிரியை மாட்டுக் கண் வசதியுள்ள சமவெளி ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுகிறோம். ஐந்து ஃபார்முலாவில் எந்த இரண்டை அனுப்புவது என்பதை மட்டும் இங்கே முட்டையில் பார்த்துக்கொள்கிறோம்.