அச்சுத் தகரமா, கைவண்ணமா, எனாமலா? பழைய பரிமாறும் தட்டுகள்

பழைய அலங்காரத் தட்டு என்று ஒரே பெயரில் விற்றாலும், இவை செய்முறையில் வெவ்வேறு. கெடும் விதமும் வேறு, பராமரிப்பும் வேறு. இது தெரியாமல் வாங்கினால் முதல் கழுவலிலேயே பாழாகிவிடும்.

அச்சுத் தகரத் தட்டில் படம் முதலில் தட்டையான தகட்டில் அச்சாகும். பிறகுதான் தகட்டை அழுத்தி விளிம்பை மடிப்பார்கள். மடிப்பில் மை இழுபட்டு மெலிந்திருக்கும், துருவும் அங்கேதான் கிளம்பும். ஆகவே படத்தை ரசிப்பதற்கு முன் தட்டைக் கவிழ்த்து, விளிம்பின் உள்மடிப்பை நகத்தால் மெல்ல நெருடிப் பாருங்கள். சொரசொரவென்று பொடி உதிர்ந்தால் விட்டுவிடலாம். கல்லில் வரைந்த படத்தை உருளை வழியாகத் தகரத்துக்கு மாற்றும் ஆப்செட் முறைக்கு இங்கிலாந்தில் ராபர்ட் பார்க்லே 1875-இல் காப்புரிமை பெற்றார். அந்தக் கல்லச்சுத் தட்டுகளை 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால், கையால் குத்தியது போல ஒழுங்கற்ற புள்ளிகள் தெரியும். நான்கு நிறப் புள்ளிகள் சின்னப் பூக்கள் போல வரிசையாக நின்றால், அது பெரும்பாலும் பழைய படத்தைப் பிற்காலத்தில் நகலெடுத்த தட்டு. சுவரில் மாட்ட அதுவும் அழகுதான். கல்லச்சுக்கான விலையை மட்டும் கொடுக்காதீர்கள்.

கருப்பு அரக்குப் பூச்சின் மேல் பூவும் பழமும் வரைந்த கைவண்ணத் தட்டில்தான் ஏமாறுவது எளிது. டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் தூரிகைத் தடம் மேடாகத் தெரிய வேண்டும். புற ஊதா டார்ச்சில் பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் பச்சை கலந்து ஒளிரும். மேலே புதிதாகத் தீட்டிய இடம் கருந்திட்டாக நிற்கும். ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது, வார்னிஷ் கரைந்துவிடும்.

தினமும் கையாள எனாமலே மேல். எஃகின் மேல் கண்ணாடித் தூளைச் சுமார் 800 டிகிரி செல்சியஸில் உருக்கி ஒட்டியது அது. சில்லு பெயராத தட்டைத் தாராளமாகக் கழுவலாம். சில்லு பெயர்ந்திருந்தால் துரு பக்கவாட்டில் எனாமலுக்கு அடியில் ஊர்ந்து, இன்னும் பெயர்த்துவிடும். பழைய சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சுப் பூச்சுகளில் காட்மியமோ ஈயமோ இருக்க வாய்ப்புண்டு. எலுமிச்சை, வினிகர் பட்டால் அவை கசியலாம். எந்த வகையானாலும் உணவை நேரடியாக வைக்காமல் கிண்ணத்தில் வைத்து ஏந்துங்கள்.

சுத்தியல் தடம் பதிந்த அலுமினியத் தட்டில் காந்தம் ஒட்டாது. எனாமலின் கறையை எடுக்கும் சமையல் சோடா இதைக் கருக்கடித்துவிடும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் காரச் சோப்பும் அப்படித்தான்.

அச்சுத் தகரத்துக்கும் கைவண்ணத்துக்கும் ஊறவைப்பதே எதிரி. மென்சோப்பு ஒரு சொட்டு கலந்த நீரில் பருத்தித் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, முதலில் ஒரு மூலையில் சோதியுங்கள். துணியில் நிறம் ஏறினால் அங்கேயே நிறுத்துங்கள். ஏறாவிட்டால் துடைத்த கையோடு உலர்த்துங்கள். அச்சுத் தகரத்தில் மட்டும் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகை (பழம்பொருள்களைக் காக்கப் பூசும் நுண்மெழுகு) மிக மெல்லியதாகப் பூசலாம். அடுக்கும்போது இடையில் செய்தித்தாள் வேண்டாம். அது ஈரத்தை இழுத்துத் தகரத்தோடு ஒட்டிவைக்கும். துவைத்த பருத்தித் துணி போதும்.