உவர் வயலுக்கு ஏடி 354 விதைநெல்: வாங்கலாமா?

வாவிக்கரைப் பக்கம் உவர் ஏறின வட்டையில் செய்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். மட்டக்களப்பு டவுணில் ஒரு விதைக்கடையில் வாங்கி பெரும்போகத்துக்கு விதைத்தேன், நெல் நல்ல நெல்தான். அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையத்து இனம், மூன்றரை மாதத்தில் அறுக்கலாம், உப்பைத் தாங்கும் கேரளத்துப் பழைய நெல்லான பொக்காளியின் வழி வந்தது.

உப்பை எப்படித் தாங்குகிறது என்று கேட்டால், நெல்லில் எச்கேடி என்றொரு மரபணுக் குடும்பம் இருக்கிறது, உப்பிலுள்ள சோடியத்தைக் கலங்களுக்குள் கடத்தும் புரதங்களை உண்டாக்குவது, அதில் 1;5 என்ற உறுப்பினர் வேரின் நீர்க்குழாயைச் சுற்றியுள்ள கலங்களில் வெளிப்பட்டு, மேலே ஏறும் சோடியத்தை இழுத்து வேரிலேயே வைத்துக்கொள்கிறது, இலைக்குப் போவது குறைந்துவிடும். இந்த மரபணுவை 2005இல் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஒரு மரபணு வைத்து எல்லாம் நடக்காது, பொக்காளி வழியில் வேறு குணங்களும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

நாற்றுப் பருவத்திலும் பூக்கும் நேரத்திலும் எந்த நெல்லுக்கும் உப்பு ஆகாது, அப்போது நல்ல தண்ணீர் கட்டாயம் வேண்டும். கடைக்காரத் தம்பி இதைச் சொல்லவேயில்லை, பையில் முளைதிறன் சீட்டும் கிடையாது. நெல்லுக்கு நாலு நட்சத்திரம், கடைக்கு இரண்டு.